வாசலில் முதலில் பேசுவது யார்?
(பள்ளிபாளையத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் அச்சு வடிவம்)

தலைவர் அவர்களே, பெரியோர்களே, தாய்மார்களே, பகலெல்லாம் தறிச் சத்தத்தில் நின்றுவிட்டு முகம் கழுவிய ஈரம் காயுமுன் இங்கே வந்து அமர்ந்திருக்கும் சகோதரர்களே, இடம் கிடைக்காமல் பின்னால் நின்றுகொண்டிருக்கும் மாணவ மாணவியரே, உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

வணக்கம் என்று நான் சொன்னேன், நீங்களும் கைகூப்பினீர்கள். சபையில் இது எவ்வளவு இயல்பாக நடந்துவிட்டது! ஆனால் இதே வார்த்தையை வீட்டுக்குள் எடுத்துச் சென்று, பெற்ற தாயின் முன் நின்று, "வணக்கம் அம்மா" என்று சொல்லிப் பாருங்கள். அந்த அம்மாள் பதில் சொல்லமாட்டாள். நெற்றியில் கைவைத்துக் காய்ச்சல் அடிக்கிறதா என்றுதான் பார்ப்பாள். நமஸ்காரம் என்று சொல்லிவந்த சபைகளிலே, சென்ற நூற்றாண்டில் தமிழ் இயக்கத்தாரும் திராவிட இயக்கத்தாரும் மேடை மேடையாக எடுத்துச் சென்று நிலைநாட்டிய சொல் இது. மேடையிலும் அலுவலகத்திலும் கடிதத்திலும் கம்பீரமாக உலவுகிறது. அடுக்களைக்குள் மட்டும் இன்னும் நுழையவில்லை. அப்படியானால் வீட்டிலே, தெருவிலே, ஆற்றங்கரையிலே, தறிக்கூடத்திலே ஒருவரை ஒருவர் காணும்போது நாம் என்ன சொல்கிறோம்? பிரியும்போது என்ன சொல்கிறோம்? மற்ற தேசத்தார், முக்கியமாகப் பிரெஞ்சுக்காரர், என்ன சொல்கிறார்கள்? இதுவே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம்.

பிரெஞ்சுக்காரரை ஏன் இழுக்கிறாய், காவிரிக் கரையில் உட்கார்ந்திருக்கும் எங்களுக்கும் அவர்களுக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். சம்பந்தம் உண்டு. 1674-ஆம் ஆண்டில் பிரான்சுவா மர்த்தேன் என்பவர் புதுச்சேரியில் கால் ஊன்றிய நாள்முதல், 1954 நவம்பர் முதல் தேதியன்று ஆட்சி கைமாறிய நாள்வரை, இடையிடையே டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் பறித்து வைத்துக்கொண்ட ஆண்டுகள் நீங்கலாக, அந்த ஜாதியார் தமிழரோடு ஒரே ஊரில், ஒரே கடைத்தெருவில், எதிரும் புதிருமாக நடந்து வாழ்ந்திருக்கிறார்கள். இரண்டு மரியாதைகள் ஒரே வாசலில் முட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்று பார்க்க வேண்டுமானால், அதற்குப் புதுச்சேரியைவிடப் பொருத்தமான ஊர் கிடைக்காது.

முதலில் பிரெஞ்சுக்காரர் வாசலுக்குப் போவோம். பாரிஸ் பட்டணத்தில் நீங்கள் ஒரு ரொட்டிக் கடைக்குள் நுழைகிறீர்கள். பசி, கையில் காசு இருக்கிறது, கண்ணாடிக்குள் ரொட்டி இருக்கிறது. நம் ஊர்ப் பழக்கப்படி விரலை நீட்டி, "அதிலே ரெண்டு குடுங்க" என்கிறீர்கள். முடிந்தது காரியம்! அந்தக் கடைக்கார அம்மாள் உங்களை ஒரு பார்வை பார்ப்பாள். பிறகு நிதானமாக, ஒவ்வோர் எழுத்தும் தனித்தனியாகக் காதில் விழும்படி, "போன்ஜூர், முசியே" என்பாள். அது வரவேற்பு என்று நினைத்து மகிழ்ந்துவிடாதீர்கள், அது கண்டனம். நீங்கள் முதலில் சொல்லியிருக்க வேண்டியதை அவள் உங்களுக்கு நினைவூட்டுகிறாள். பஸ்ஸில் ஏறினால் ஓட்டுநருக்கு போன்ஜூர். வைத்தியர் வீட்டுக் காத்திருப்பு அறையில் நுழைந்தால், அங்கே உட்கார்ந்திருக்கும் முன்பின் அறியாத நோயாளிகள் அத்தனை பேருக்கும் சேர்த்து ஒரு போன்ஜூர். சூரியன் சாய்ந்துவிட்டால் அதுவே போன்சுவார் ஆகிவிடும். இராத்திரிக்கு உரிய போன்னுயீ என்பதோ படுக்கப் போகிறவருக்கு மட்டுமே. அதைக் கடைத்தெருவில் சொன்னால் சிரிப்பார்கள். வார்த்தை எதுவாயினும் விதி ஒன்றுதான்: உள்ளே வருகிறவனே முதலில் வாய் திறக்க வேண்டும். உள்ளே இருக்கிறவருடைய இடத்தில் கால் வைக்கிறாய் அல்லவா, அதற்கு நீ செலுத்தவேண்டிய சுங்கம் அந்த வார்த்தை. செலுத்தாதவனுக்கு ரொட்டி கிடைக்கும்; முகம் கிடைக்காது.

இனி நம் வாசலுக்கு வாருங்கள். இங்கே விதி நேர் எதிர். வருகிறவன் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. படியேறி, செருப்பைக் கழற்றிவிட்டு, லேசாக ஒரு தொண்டைச் செருமல் செருமினால் போதும். சொல்ல வேண்டியவர் வீட்டுக்காரர். "வாங்க" என்ற ஒரு சொல் உள்ளேயிருந்து வரவேண்டும். "வாங்க மாமா, உக்காருங்க, தண்ணி குடிங்க" என்று தொடர்ந்து வந்தால் இன்னும் உத்தமம். அந்த ஒரு சொல் வராமற்போனால்? ஐயா, இந்தக் கொங்கு நாட்டில் எத்தனை பங்காளிச் சண்டைகள், எத்தனை சம்பந்தி வீட்டு மனஸ்தாபங்கள், எத்தனை ஆண்டு நீடித்த பேச்சற்ற விரோதங்கள் நிலத்தாலும் நகையாலும் வந்தவை அல்ல என்பது உங்களுக்கு நான் சொல்லியா தெரியவேண்டும்? "வாசல்ல போய் நின்னேன், வாங்கன்னு ஒரு வார்த்தை கேக்கலீங்க" என்று தொடங்கிய வழக்குகள் அவை. கல்யாண மண்டபத்தில் ஆயிரம் பேர் வந்தாலும், வாசலில் நின்று ஒவ்வொருவரையும் முகம் பார்த்து "வாங்க" சொல்வதற்கென்றே குடும்பத்துப் பெரியவர்கள் நாள் முழுதும் கால்கடுக்க நிற்பதும் இதனால்தான்.

ஆகவே ஒரு பிரெஞ்சுக்காரர் தமிழர் கடைக்குள் நுழைந்தால் கடமை யாருடையது? தமிழர் பிரெஞ்சுக்காரர் கடைக்குள் நுழைந்தால் கடமை யாருடையது? அவன், "இவன் போன்ஜூர் சொல்லாமல் நுழைந்துவிட்டான், நாகரிகம் அறியாதவன்" என்று நினைக்கிறான். இவன், "வா என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை, கர்வம் பிடித்தவன்" என்று நினைக்கிறான். இருவரும் மரியாதை தெரிந்தவர்களே. இருவரும் மற்றவருடைய வார்த்தைக்காகக் காத்துக்கொண்டு நிற்கிறார்கள்! பிறரை அநாகரிகர் என்று தீர்ப்புக் கூறுகிற அவசரத்தில் பாதி, இந்தக் காத்திருப்பிலே பிறக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

வந்தவரை வரவேற்ற பிறகு நாம் கேட்கும் கேள்விகள் இருக்கின்றனவே, அவை தனி அழகு. தோளில் துண்டும் கையில் சோப்புப் பெட்டியுமாகக் காவிரியை நோக்கி நடக்கிறவரைப் பார்த்து, "என்னங்க, குளிக்கப் போறீங்களா?" என்கிறோம். இல்லை, சந்தைக்குப் போகிறேன் என்றா அவர் சொல்லப்போகிறார்? இப்போதுதான் படியேறியவரைப் பார்த்து, "எப்ப வந்தீங்க?" என்கிறோம். "சாப்பிட்டீங்களா?" என்பதோ, பசியை விசாரிக்கும் கேள்வியாகவும் இருக்கலாம், வெறும் உபசாரமாகவும் இருக்கலாம், எது என்பது கேட்கிறவர் அடுப்பைப் பார்க்கிறாரா, தெருவைப் பார்க்கிறாரா என்பதைப் பொறுத்தது. இதைக் கேலி செய்யும் ஆங்கிலம் படித்த நண்பர்களுக்கு ஒன்று சொல்வேன். பிரெஞ்சுக்காரரும் போன்ஜூர் சொன்ன கையோடு "சா வா?" என்று கேட்கிறார், எல்லாம் நடக்கிறதா என்பது அதன் பொருள். "சா வா" என்றே பதில் வருகிறது. கேள்வியும் பதிலும் ஒரே சொல்! அங்கே யாரும் தம் மூட்டு வலியையும் மருமகள் கொடுமையையும் எடுத்து விரிப்பதில்லை. செய்தி கேட்பதற்காக அல்ல, நீ என் கண்ணில் பட்டாய் என்று தெரிவிப்பதற்காகவே அங்கும் இங்கும் இந்தக் கேள்விகள். உங்கள் விசைத்தறிக் கூடங்களில் பாருங்கள். பக்கத்தில் நிற்கிறவர் கத்தினாலும் கேட்காத அந்த இரைச்சலில் கேள்வியே இல்லை. புருவம் ஒரு முறை மேலே போகிறது, தலை ஒரு முறை அசைகிறது, சம்பாஷணை முடிந்துவிடுகிறது.

இன்னொன்று. பிரெஞ்சுக்காரர் மொட்டையாகப் போன்ஜூர் என்று விடுவதில்லை. மதாம் என்றோ முசியே என்றோ ஒரு வாலைச் சேர்த்தால்தான் மரியாதை நிறைவு பெறும். நீ, நீங்கள் என்ற நம்முடைய வித்தியாசமும் அவர்களிடம் அப்படியே உண்டு. நெருங்கியவருக்கு ஒரு சொல், மற்றவருக்கு ஒரு சொல். ஆனால் கொங்கு நாட்டாரோடு இந்தப் போட்டியில் அவர்கள் ஜெயிக்க முடியாது. "ஆமாங்க", "இல்லீங்க", "சரிங்க", "ஏனுங்க" என்று வாக்கியத்துக்கு வாக்கியம் மரியாதையைப் பின்னொட்டாகத் தைத்துக்கொண்டே போகிறவர்கள் நீங்கள். தொட்டிலை விட்டு இறங்கிய குழந்தையைக்கூட "வாங்க கண்ணு" என்று அழைக்கிற ஊர் இது. கடன் தர முடியாது என்று மறுக்கும்போதும், "முடியாதுங்க" என்று கௌரவமாகவே மறுக்கிறீர்கள்!

சரி, புதுச்சேரிக்குப் போவோம். துய்ப்ளெக்ஸ் கவர்னராக இருந்த காலத்தில் அவருக்குத் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, விளங்கிய ஆனந்தரங்கப் பிள்ளை, 1736 முதல் 1761 வரை எழுதிவைத்த நாட்குறிப்பை உங்களில் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். யுத்தமும் வியாபாரமும் சூழ்ச்சியும் நிறைந்த அந்தப் பெரும் ஏடுகளில், என் மனம் போய் நிற்பது வேறோர் இடத்தில். யார் வந்தார், அவரை எதிர்கொண்டழைக்க யார் போனார், கோட்டையிலே எத்தனை பீரங்கி போட்டார்கள், என்ன நஜர், அதாவது காணிக்கை, வைத்தார், விடைபெறும்போது வெற்றிலை பாக்கும் பன்னீரும் யார் கையால் கொடுக்கப்பட்டன என்று பிள்ளையவர்கள் சலிப்பில்லாமல் எழுதிக்கொண்டே போகிறார். ஏன்? அரசியலில் ஒருவருடைய நிலை ஏறுகிறதா இறங்குகிறதா என்பதை அவர் படித்தறிந்த பஞ்சாங்கம் அந்த உபசாரங்களே. வரவேற்பில் பிரெஞ்சுப் பீரங்கி. வழியனுப்புதலில் தமிழ் வெற்றிலை. இரண்டு சம்பிரதாயங்களும் ஒரே மாளிகையில் அருகருகே நடந்தன.

எப்போதும் இவ்வளவு சுமுகமாக நடந்துவிடவில்லை. 1873-ஆம் ஆண்டில் பொன்னுத்தம்பிப் பிள்ளை என்ற தமிழ் வழக்கறிஞர், ஐரோப்பியர் அணிவது போன்ற சப்பாத்தும் காலுறையும் அணிந்து புதுச்சேரி நீதிமன்றத்துக்குள் நுழைந்தார். சுதேசியானவர் காலணியைக் கழற்றிவிட்டு வருவதே மரியாதை என்பது அங்கே நிலவிய வழக்கம். நீதிபதி அவரை அனுமதிக்கவில்லை. அவர் விடவில்லை. வழக்கைப் பாரிஸிலுள்ள உச்ச நீதிமன்றம்வரை கொண்டுபோனார், வெற்றியும் பெற்றார். பின்னாளில், 1881-ஆம் ஆண்டு ஆணைப்படி சுதேசிகளுக்குரிய சட்டநிலையைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்துக்கு உட்பட்டவர்களில் அவரும் ஒருவராகி, லபோர்த் என்ற பெயரை ஏற்றுக்கொண்டார். லபோர்த் என்றால் வாசற்கதவு! ஒரு வாசலில் தடுக்கப்பட்டவர் இப்படி ஒரு பெயரைத் தேர்ந்தது தற்செயலா, குறும்பா என்பது உங்கள் ஊகத்துக்கு. நான் கவனிக்கச் சொல்வது வேறு. தமிழனுக்குக் காலணியைக் கழற்றுவது மரியாதை. ஐரோப்பியனுக்குத் தொப்பியைக் கழற்றுவது மரியாதை. தலையிலுள்ளதை எடுப்பவனும் காலிலுள்ளதை எடுப்பவனும் தத்தம் வீட்டில் மனமுவந்துதான் எடுக்கிறார்கள். ஒருவன் கழற்ற, மற்றவன் கழற்றாமல் நின்று அதைச் சட்டமாக்கும்போது அங்கே மரியாதை செத்துப்போகிறது. பொன்னுத்தம்பியார் வழக்காடியது சப்பாத்துக்காக அல்ல.

இப்போது பிரியும் நேரத்துக்கு வருகிறேன். இங்கேதான் நம்மவர் கெட்டிக்காரர்கள்.

பிரெஞ்சிலே விடைபெற இரண்டு முக்கியமான வார்த்தைகள். ஒன்று, "ஓ ருவ்வார்". மறுபடி காணும்வரை என்பது கருத்து. மற்றொன்று, "அதியூ", உன்னைக் கடவுளிடம் ஒப்படைத்தேன் என்பது கருத்து. முன்னது தினசரி வார்த்தை. கடையை விட்டு வெளியேறும்போதும் அதைச் சொல்லித்தான் ஆகவேண்டும். பின்னது பயங்கரமான வார்த்தை. இனி இந்த ஜன்மத்தில் சந்திப்பில்லை என்னும்போது சொல்வது. ஆனால் வேடிக்கை பாருங்கள், அதே தேசத்தின் தென்பகுதியில் சில இடங்களில், எதிரே வருகிறவரைக் கண்டதும் அதியூ என்று முகமன் கூறுகிற வழக்கமும் உண்டு. இளைஞர்கள் வரும்போதும் "சலூ", போகும்போதும் "சலூ" என்று இரண்டையும் ஒரே சொல்லில் முடித்துக்கொள்கிறார்கள்.

நம் பாஷையில் என்ன சொல்கிறோம்? "போகிறேன்" என்று சொல்லலாமா? சொல்லிப் பாருங்கள்! கிழவிகள் வாயைப் பொத்துவார்கள். "போய்ட்டு வர்றேன்னு சொல்லு சாமி" என்று திருத்தாமல் விடமாட்டார்கள். புறப்படுகிறவனைப் பார்த்து எங்கே போகிறாய் என்று கேட்கக்கூடாது; வெறுங்கையோடு அனுப்பக்கூடாது; பெண்ணாயிருந்தால் குங்குமம் கொடுக்காமல் வாசற்படி தாண்ட விடக்கூடாது. "போய்ட்டு வர்றனுங்க அப்புச்சி." "சரி கண்ணு, பாத்துப் போய்ட்டு வா." போவது ஒரு வினைச்சொல், வருவது ஒரு வினைச்சொல், இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் நம் வீடுகளில் பிரயாணம் தொடங்கும்.

சொல் மட்டுமா? கூடவே நடப்பதும் உண்டு. உங்கள் ஊரைத் தழுவி ஓடுகிற இதே காவிரியின் கீழ்ப்பகுதியை ஆண்ட கரிகாலனைப் பற்றிப் பொருநராற்றுப்படையில் முடத்தாமக்கண்ணியார் பாடுகிறார். பாடிப் பிழைக்கும் ஏழைப் பொருநன் ஒருவன் விருந்துண்டு திரும்புகிறான். அரசன் அவனுக்கு வெள்ளைக் குதிரைகள் நான்கு பூட்டிய தேரைக் கொடுக்கிறான். கொடுத்ததோடு நிற்காமல், சோழ மன்னன் தன் காலால் ஏழடி தூரம் அவன் பின்னே நடந்து சென்று வழியனுப்புகிறான். தேர் கொடுத்தது செல்வம். ஏழடி நடந்ததுதான் ராஜ லட்சணம். நாம் தேர் கொடுப்பதில்லை. ஆனால் வந்த உறவினரின் பையை நாமே தூக்கிக்கொண்டு பஸ் நிறுத்தம்வரை நடந்து, பஸ் ஏற்றிவிட்டு, அது நகர்ந்த பிறகும் ஜன்னலோரமாக நாலடி கூடவே போய், "போன உடனே போன் பண்ணுங்க" என்று கத்துகிறோமே, அந்த நாலடிக்கு வயது இரண்டாயிரம் ஆண்டு.

வருவேன் என்ற சொல்லின் வலிமையைத் திருவள்ளுவரைப்போல் சோதித்தவர் இல்லை. பிரிவாற்றாமை அதிகாரத்தின் முதற் குறளிலே, பிரியப்போகும் தலைவனுக்குத் தலைவியின் தரப்பிலிருந்து மறுமொழி பிறக்கிறது: போகவில்லை என்றால் அதை என்னிடம் சொல், சீக்கிரம் திரும்பி வருவேன் என்ற சேதியையோ, அப்போது உயிரோடிருக்கக் கூடியவரிடம் சொல்லிக்கொள் என்பது அதன் கருத்து. நாம் தினந்தோறும் எளிதாகச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போகும் அந்த உறுதிமொழியை, அந்தப் பெண் ஏற்கவில்லை!

இந்த வழக்கம் நமக்கு மட்டும் உரியதா? இல்லை. மலையாளியும் கன்னடியரும் தெலுங்கரும் அப்படியே போய்வருகிறார்கள். இலங்கையிலே சிங்களவர், "கிஹின் என்னம்" என்கிறார்கள். போய்விட்டு வருகிறேன் என்பதேதான். கடல் கடந்து ஜப்பானுக்குப் போனால், காலையில் வீட்டைவிட்டுப் புறப்படுகிறவர் "இத்தே கிமாசு" என்கிறார், போய் வருகிறேன்! வீட்டிலிருப்பவர் "இத்தே இராஷ்ஷாய்" என்கிறார், போய் வாருங்கள்! நம் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் அப்புச்சிக்கு இதை மொழிபெயர்த்துச் சொல்லவே வேண்டாம். மலாய்க்காரரிடம் இன்னொரு நுட்பம் இருக்கிறது. போகிறவருக்கு "செலாமத் ஜாலான்", உன் வழி சுகமாகட்டும். இருக்கிறவருக்கு "செலாமத் திங்கல்", உன் இருப்பு சுகமாகட்டும். போகிறவரை மட்டுமல்ல, தனியே விடப்படுகிறவரையும் நினைத்துப் பார்த்த ஜனங்கள் அவர்கள்.

ஆனால், போய் வருகிறேன் என்று சொல்லக் கூடாத ஓர் இடம் நமக்கு உண்டு. அது சாவு வீடு. அங்கே வாங்க என்று அழைப்பாரும் இல்லை. போய் வருகிறேன் என்று விடைபெறுவாரும் இல்லை. வந்து, இருந்து, துக்கத்தில் பங்குகொண்டு, சொல்லாமல் எழுந்து போகிறோம். அங்கே வருகிறேன் என்றால், அப்படிப்பட்ட காரியத்துக்கு மறுபடியும் வருவேன் என்று ஆகிவிடுமல்லவா? இறுதிப் பிரிவுக்குப் பிரெஞ்சுக்காரர் அதியூ என்று ஒரு வார்த்தை செய்து வைத்திருக்கிறார்கள். நாம் அந்த இடத்தை வார்த்தையில்லாமல் விட்டிருக்கிறோம். இதைப் பாஷையின் வறுமை என்று யாராவது சொன்னால் நான் ஒப்பமாட்டேன்.

இன்று இந்த இரண்டு மரியாதைகளும் சந்திக்கும் இடம் புதுச்சேரி மட்டுமல்ல. பாரிஸில் லா ஷப்பல் என்ற பகுதியில், 1980-களிலிருந்து யுத்தத்துக்குத் தப்பி வந்த ஈழத் தமிழர்கள் மளிகைக் கடையும் நகைக் கடையும் புடவைக் கடையும் வைத்திருக்கிறார்கள். மாணிக்கப் பிள்ளையார் கோயிலின் தேர் அந்த வீதிகளில் ஓடுகிறது. அங்கே கடைக்காரர் வாசலைப் பார்த்தபடி நிற்கிறார். வெள்ளைக்காரர் நுழைந்து போன்ஜூர் சொன்னால் போன்ஜூர் என்று பதில் சொல்கிறார். தமிழ் முகம் நுழைந்தால், அவர் வாய் திறக்கும்வரை காத்திராமல், "வாங்கோ அண்ணை" என்று தாமே தொடங்குகிறார். யார் முதலில் பேசவேண்டும் என்ற வழக்கை, எந்த நீதிமன்றத்துக்கும் போகாமல் அந்த மனிதர் தீர்த்துவைத்துவிட்டார். ஊரைவிட்டுக் கிளம்பிய அன்று, "போயிட்டு வாறன்" என்று தாயிடம் சொல்லி வந்தவர்கள் அவர்கள். அந்தச் சொல்லைக் காப்பாற்றக் கொடுத்துவைக்காதவர்கள் பலர்.

மேற்படிப்புக்கும் வேலைக்கும் பிரெஞ்சு பேசும் தேசங்களுக்குப் போக எண்ணியிருக்கும் பிள்ளைகள் இங்கே இருப்பீர்கள். உங்களுக்கு இரண்டொரு வார்த்தை. கடைக்குள் நுழைந்தால் நீங்களே முந்திக்கொள்ளுங்கள், வெட்கப்படாமல், உரக்க, "போன்ஜூர், மதாம்" என்று சொல்லுங்கள், பிறகுதான் ரொட்டி. கன்னத்தோடு கன்னம் வைத்து முகமன் செய்யும் வழக்கம் அங்கே நண்பர்களுக்குள் உண்டு. ஓர் ஊரில் இரண்டு முறை, வேறோர் ஊரில் மூன்று, சில இடங்களில் நான்கு. கணக்குத் தெரியாதபோது அசையாமல் நின்று, எதிராளி எண்ணி முடிக்கும்வரை பொறுத்திருங்கள். அந்த நண்பர்களை இங்கே அழைத்துவந்தால் முன்கூட்டியே ஒன்று சொல்லிவையுங்கள்: உங்கள் சித்தப்பா எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டு, "போய்ட்டு வர்றனுங்க" என்று அவரிடம் சொன்னால், சித்தப்பா இன்று ராத்திரியே திரும்பி வருவார் என்று அந்தப் பிரெஞ்சுக்காரர் சாப்பிடாமல் காத்திருக்கவேண்டாம் என்று.